வியாழக்கிழமை விதிகள்

நான் அந்த கிளப்பில் பதினொரு மாதம் துப்புரவு வேலை செய்தேன். இத்தாலியில், பலெர்மோவின் பெரிய ரயில் ஸ்டேசனான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில், பயணப்பெட்டிக் கடைகளுக்குப் பின்னால் திரும்பும் ஒடுங்கிய தெருவில் அது இருந்தது. பெண்கள் அரைகுறை உடுப்போடு மேடையில் ஆடுவார்கள். ஆண்கள் சீட்டு எடுத்து, ஏதாவது குடிக்க வாங்கி, இருந்து பார்ப்பார்கள். இதை எங்கள் ஆட்களிடம் சொல்ல முடியுமா? "ஸ்டேசனடியில ஒரு ஒபிஸ் கிளீன் பண்ணுறன்" என்று சொல்லி வைத்திருந்தேன். என் கணவருக்கும் அதே ஒபிஸ்தான்.

ஆறு வருடம் நான் பார்த்துக்கொண்ட மூதாட்டியை அவரது மகன் மிலானுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இங்கே தங்கியிருக்கும் அனுமதியான என் பெர்மெசோவைப் புதுப்பிக்க நாலு மாதம்தான் இருந்தது. அதற்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். வேறு வீடுகளில் வேலை இருந்தது, ஆனால் ஒருவரும் கடதாசியில் எழுதித் தர ஆயத்தமாக இல்லை. கிளப்பை நடத்திய அம்மா, சிஞ்ஞோரா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலைமயிரை இறுக்கிக் கட்டி, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டு, பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருப்பார்.

காலை ஒன்பது மணிக்குப் போவேன். மூன்று பூட்டுத் திறந்து உள்ளே போனதும் திரும்பப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டேசனடியில் யாரும் நுழைந்துவிடலாம் என்பது சிஞ்ஞோராவின் பயம். யன்னல்களுக்கெல்லாம் கறுப்பு மை பூசியிருந்தது. வெளியே வெயில் கொளுத்தும். கதவைச் சாத்தினால் பகலா இரவா என்று உடம்புக்குத் தெரியாது. துப்புரவுக்கென்று ஒரு வரிசை வெள்ளை டியூப் லைட் உண்டு. அதைப் போட்டதும் சிவப்பு மெத்தைகளின் கறையும் கிழிசலும் சிகரெட் சுட்ட ஓட்டைகளும் ஒன்றொன்றாக வெளியே வரும்.

மேடைக்கு இடப்பக்கச் சுவர் முழுவதும் ஒரு கண்ணாடி, தரையிலிருந்து கூரை வரை. மண்டபத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காக வைத்தது. நான் கூட்டும்போது அதற்குள் இன்னொருத்தி கூட்டிக்கொண்டிருப்பாள். பதினொரு மாதத்திலும் அவள் எனக்குப் பழகவில்லை. குனிந்து வாளியைத் தூக்கும்போது ஓரக்கண்ணில் யாரோ அசைவதுபோல இருக்கும், பிறகு நான்தான் என்று தெரியும். ஆடுபவர்களின் அறை காலையில் பூட்டியிருக்கும். கழிவறைத் தரை எப்போதும் ஈரம். அதனால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் வந்த உடுப்பைக் கழற்றி வேலை உடுப்புக்கு மாறுவேன். பூட்டிய மண்டபத்தில் நான் ஒருத்தி. யாருக்கு வெட்கப்படுவது?

இரண்டு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒன்று, கண்ணாடியில் முகத்தின் உயரத்தில் இருந்த ஒரு மங்கல். உள்ளங்கை அளவு. எந்த மருந்தைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. சில நாள் தானாகவே இராது, அடுத்த நாள் திரும்ப இருக்கும். மற்றது சிகரெட் மணம். ஊறிக் கிடந்த பழைய மணம் எனக்குத் தெரியும். இது வேறு. இப்போதுதான் யாரோ ஊதிவிட்டு எழும்பிப் போனதுபோலப் புது மணம்.

"அது திரைச்சீலையில பிடிச்சுக் கிடக்கு" என்றார் சிஞ்ஞோரா. நானும் நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வாசலில் ஒட்டியிருந்த விதிகளின் தாளைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அவரோடு நான் இத்தாலியனில்தான் கதைப்பேன். ஆனால் என் ஞாபகத்தில் எல்லாரும் என்னுடைய தமிழில்தான் கதைக்கிறார்கள்.

"இதை உங்கட பாஷையில எழுதித் தா."

"எங்கட பாஷையிலயோ? ஏன்?"

"வியாழக்கிழமை பின்னேரம் வாறதில பாதிப்பேர் உங்கட ஆக்கள். உனக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. வீட்டுவேலை செய்பவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரம் ஓய்வு. அந்த நேரம் எங்கள் ஆண்கள் கடற்கரைக்குப் போவார்கள், சீட்டாடுவார்கள், நித்திரை கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

"நல்ல ஆக்கள். சத்தம் போடமாட்டினம்" என்றார் சிஞ்ஞோரா. "ஆனா இஞ்சத்தை முறை தெரியாது. போன மாதம் பிள்ளையள் ஆடிக்கொண்டு நிக்கேக்க ஒருத்தர் படம் எடுத்தார். இன்னொருத்தர் ஒரு பை நிறையப் பழத்தோட பின்கதவடியில ரெண்டு மணித்தியாலம் நிண்டவர். அவர் காத்து நிண்ட பிள்ளை பயந்து டாக்சி கூப்பிட்டுப் போனவள். அவரைக் கேட்டால், அவளுக்கு உடம்பு மெலிவா இருக்கு, குடுப்பம் எண்டு வந்தனான் எண்டு சொல்லுறார். என்ன செய்யிறது?"

தாளில் ஏழு விதிகள் இருந்தன. போனை வாசலில் தரும் பைக்குள் போட வேண்டும். ஆடுபவரைத் தொடக்கூடாது, அவரே கையைப் பிடித்தாலும் திரும்பப் பிடிக்கக்கூடாது. உண்மைப் பெயர், ஊர், போன் இலக்கம் கேட்கக்கூடாது. கேட்டு அவர் சிரித்தால் அது பதில் ஆகாது. குடிவெறியில் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கொட்டாவி விடவோ கேலி பண்ணவோ கூடாது. பின்கதவில் காத்து நிற்கக்கூடாது. கடைசி விதிதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது: உள்ளே கண்ட முகத்தை வெளியே கண்டால் இரண்டு பேரும் தெரியாதவர் போல நடக்க வேண்டும், அது ஆடுபவராக இருந்தாலும் சரி, பக்கத்துக் கதிரையில் இருந்தவராக இருந்தாலும் சரி.

பதினொரு மணியளவில் பயிற்சிக்கு வருகிற ஒருத்தி இருந்தாள். கொலம்பியாக்காரி, முப்பத்தைந்து வயது, முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு ஆடிப்பார்ப்பாள். எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கிக்கொண்டு வருவாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் முழிப்பதைக் கண்டு பக்கத்தில் வந்து இருந்தாள்.

"பேரைக் கேட்டால் என்ன? ஒரு மரியாதைக்குக் கேக்கிறதுதானே?" என்று கேட்டேன்.

"இண்டைக்குக் கேட்டவன் நாளைக்கு அந்தப் பேரை றோட்டில கூப்பிடுவான். எனக்கு நடந்தது. என்ர மகளின்ர பள்ளிக்கூட வாசல்ல நிக்கேக்க கூப்பிட்டான். நான் திரும்பிப் பாக்கேல்லை. மகள் திரும்பிப் பாத்திட்டாள்." அவள் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "இஞ்சை எங்களைப் பாக்கலாம். பாக்கத்தான் வச்சிருக்கு. ஆனா எவ்வளவு நேரம், எங்கையிருந்து, எந்த வெளிச்சத்தில எண்டதெல்லாம் நாங்கள் சொல்லுறது. அதுக்குத்தான் இந்தத் தாள்."

அடுத்த நாள் கணவர் வேலைக்குப் போனபிறகு, அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் இரண்டறை வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதினேன். "தொடாதே" என்று எழுதினேன். வெட்டினேன். "தொடாதீர்கள்" கோயில் அறிவித்தல் போல இருந்தது. கடைசியில் எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்று போட்டேன். ஆடுகிற பெண்களை எப்படி எழுதுவது என்பதில் இன்னும் கஷ்டம். எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் ஏசுவதற்கு வைத்திருந்த சொற்கள். "ஆடுபவர்" என்று எழுதினேன். அடியில், இத்தாலியனில் இல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன்: அவர்களும் உங்களைப்போல வேலைக்கு வந்தவர்கள்.

சிஞ்ஞோரா அதை வாசலில், இத்தாலியன் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். இரண்டு கிழமை ஒன்றும் இல்லை. முறை நல்லாய்ப் போகிறது, போனைத் தாங்களாகவே தருகிறார்கள் என்று சொன்னார். எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது, ஏழாவது விதிக்குக் கீழே நீலப் பேனையால் ஒரு வரி சேர்ந்திருந்தது. சிறிய, சரிவான, அக்கறையான எழுத்து.

8. கண்ணாடிக்கு நேரே இருக்க வேண்டாம்.

யாரோ பகிடி விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சிஞ்ஞோரா அதைக் கண்டு என்னவென்று கேட்டபோது, "ஒண்டு எழுத மறந்திட்டன், இப்ப சேர்த்தனான்" என்று பொய் சொன்னேன். எங்கள் ஆட்கள் சுவரில் கிறுக்குகிறார்கள் என்று அவர் நினைப்பதை நான் விரும்பவில்லை.

அடுத்த வெள்ளி இன்னொரு வரி.

9. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரைக் கவனிக்க வேண்டாம்.

அந்த வரியை வாசித்தபிறகு திரும்பி மண்டபத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. டியூப் லைட் எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குள் நானும் கதிரைகளும்தான். மங்கல் அன்றைக்கு இருந்தது. அதன் கிட்டப் போகவில்லை. தும்புத்தடியின் நுனியில் துணியைக் கட்டி, தூர நின்று துடைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் பக்கத்துக் கட்டிடம், அங்கே யார் இருக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் சிகரெட் மணம் கூடுதலாக இருந்தது.

இதை யாரிடம் சொல்வது? அந்தக் கிழமை முழுவதும் ஆண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். பல்லாரோ சந்தையில் முருங்கைக்காய் தெரிந்தெடுக்கிற கை, தமிழ்க்கடையில் கடன் சிட்டை எழுதுகிற கை, கோயில் அன்னதானத்துக்குப் பெயர் எழுதுகிற கை. எனக்கு "எப்பிடி சுகம்?" என்று சொல்லிப் போகிற எவரும் அந்த எழுத்துக்காரராக இருக்கலாம். அவருக்கு என்னைத் தெரியும், எனக்கு அவரைத் தெரியாது. அந்த எண்ணம் முதுகில் ஈரத்துணி ஒட்டினதுபோல விடாமல் இருந்தது. ஒருநாள் அலுமாரியைத் திறந்து என் கணவர் நிரப்பி வைத்திருந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்து அவருடைய எழுத்தையும் பார்த்தேன். அவருடைய எழுத்து நேரானது, பெரியது. படிவத்தை இருந்த இடத்தில் வைத்தபோது எனக்கு என்னிலேயே அருவருப்பு வந்தது. அவருக்கு மறைத்து வேலைக்குப் போவது நான், சந்தேகப்படுவதும் நான்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தாளைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பார்க்காமலே உள்ளே போய், பையை வைத்து, செருப்பைக் கழற்றி, மேற்சட்டையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினேன். ஆனால் மனம் கேட்கவில்லை. அப்படியே திரும்பி வாசலுக்கு வந்தேன்.

10. காலமையில வாற அக்கா அதுக்கு முன்னால உடுப்பு மாத்த வேணாம்.

இதில் அச்சுத் தமிழ் இல்லை. யாரோ காதுக்குக் கிட்ட வந்து சொன்னதுபோல இருந்தது. காலையில் வருகிற தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். உடுப்பு மாற்றுவது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். பூட்டிய கதவு, மை பூசிய யன்னல். நான் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். டியூப் லைட்டின் இரைச்சல் மட்டும் கேட்டது.

பிறகு கண்ணாடிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிமெந்துத் தரையில் கதிரைக் கால் ஒன்று மெல்ல இழுபடுகிற சத்தம். ஒரே ஒருதரம்.

மூன்று பூட்டையும் எப்படித் திறந்தேன் என்று தெரியாது. வாளி, பை, செருப்பு எல்லாம் உள்ளே. வெறுங்காலோடு ஸ்டேசனுக்குள் ஓடி, சனம் நிறைய நின்ற இடத்தில் ஒரு வாங்கில் இருந்தேன். போன் மட்டும் பாவாடைப் பொக்கற்றில் இருந்தது. கொலம்பியாக்காரிக்கு எடுத்தேன்.

"கண்ணாடிக்குப் பின்னால ஆள் இருக்கு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அங்கையே இரு. சிஞ்ஞோராவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனபோது பத்தரை மணி. சிஞ்ஞோரா நம்பவில்லை. "இது முந்தி தளபாடக் கடை. அந்தப் பக்கம் ஒரு களஞ்சியம் இருந்தது. அதைக் கல்லு வச்சு மூடியாச்சு" என்றார். கொலம்பியாக்காரி போய் டியூப் லைட்டை அணைத்தாள். முழு இருட்டு. அந்த இருட்டில் அவள் தன் போன் வெளிச்சத்தைப் போட்டு, போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள்.

கண்ணாடி யன்னலாகிவிட்டது.

அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை தெரிந்தது. நடுவில் ஒரு குசினிக் கதிரை, அதன்மேல் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட மெத்தை. கீழே பாதி தண்ணீர்ப் போத்தல், சிகரெட் கட்டைகள் நிறைந்த டின். கதிரைக்கு முன்னால் போனைப் பொருத்திப் படம் எடுக்கிற முக்காலி, அதில் போன் இல்லை. கண்ணாடியின் அந்தப் பக்கத்தில், நான் எத்தனையோ நாள் துடைத்த அதே இடத்தில், நெற்றி முட்டின எண்ணெய்த் தடம். அதன் கீழே மூச்சுப் பட்டுக் காய்ந்த வட்டம். பின்சுவரில் ஒரு கதவு. அது சரியாகச் சாத்தப்படாமல், வெளிமுற்றத்து வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்திருந்தது.

ஒருவரும் இல்லை. இருந்தவர் கொஞ்சம் முன்னால்தான் எழும்பிப் போயிருந்தார்.

சிஞ்ஞோரா மேடை விளிம்பில் இருந்துவிட்டார். "நீ வாறதுக்கு முந்திக் கண்ணாடி வெடிச்சது. அவன்தான் புதுசு போட்டவன். அப்பதான் பின்னால இருந்த கல்லையும் உடைச்சிருப்பான்" என்றார். அவன் என்று அவர் சொன்னது, கிளப்பில் லைட்டும் பாட்டுப்பெட்டியும் பார்க்கிற ஆளை. பதினைந்து வருடமாக அவரோடு இருக்கிறவன். நான் வேலை முடிந்து போகும்போது வாசலில் கண்டால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறவன். பெண்களோடு ஒருநாளும் பகிடி விடாதவன் என்று அவனைத்தான் எல்லாரும் புகழ்வார்கள்.

நான் அப்போதுதான் விதிகளின் கதையைச் சொன்னேன். மூன்று வரியையும் ஒன்றொன்றாக மொழிபெயர்த்தேன். முதலே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒருவரும் என்னை ஏசவில்லை. அது ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நான் அவனை இண்டைக்கே துரத்துறன்" என்றார் சிஞ்ஞோரா. "பொலிசுக்குப் போனால் கதவைப் பூட்டுவாங்கள். எல்லாருக்கும் வேலை போகும். புதுப்பிக்கக் குடுத்து இன்னும் வராமல் கிடக்கிற உன்ர பெர்மெசோவும்தான்."

"அவன்ர போனில எத்தனை படம் இருக்கு? அது ஆரட்டைப் போயிருக்கு? துரத்தினால் அதுவும் சேர்ந்து போயிடுமோ?" என்று கேட்டாள் கொலம்பியாக்காரி. பிறகு என்னைப் பார்த்து, "நான் போகப்போறன். நீ வாறியோ?" என்றாள்.

"ஒரு நாள் தா" என்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் கணவருக்குச் சோறு போட்டுக் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, ஒரு கதை கதைக்கவேணும். நான் போறது ஒபிசுக்கு இல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை கழுவ எழும்பவில்லை. விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் விடமாட்டியள்."

"ஓம். விட்டிருக்கமாட்டன்." தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். "உம்மட படம் ஆற்றையோ போனில இருக்கு."

"ஓம்."

"எத்தனை நாள்?"

"தெரியாது."

அவர் எழும்பிப் போய்க் கை கழுவினார். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது முகமும் நனைந்திருந்தது. "குவெஸ்தூராவுக்கு நானும் வாறன். வெளியில நிக்கிறன். உள்ளுக்கு வரச்சொன்னால் வாறன்" என்றார்.

திங்கட்கிழமை அந்தப் பொலிஸ் தலைமையகத்துக்குப் போனோம். கொலம்பியாக்காரியும் நானும் முறைப்பாடு கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் சிஞ்ஞோராவும் வந்து சேர்ந்தார், தலைமயிரைக் கட்டாமல். அவரை அப்படி நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. அன்று பின்னேரமே அவனுடைய வீட்டில் தேடிப் போன்களை எடுத்தார்கள். கிளப்புக்கு முத்திரை வைத்தார்கள். விதிகளின் தாளையும் சான்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த மூன்று வரியை எழுதியது யார் என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்றார். அதுவும் எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி பிறகு எனக்கு நித்திரை தரவில்லை. நான் உடுப்பு மாற்றுவதை அறிந்திருக்க வேண்டுமானால், ஒன்றில் அவர் அந்தக் கதிரையில் இருந்திருக்க வேண்டும், அல்லது படத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கதை எங்கள் ஆட்களுக்குள் பத்து நாளில் பரவியது. தமிழ்க்கடையில் நான் நுழைந்தால் கதை நிற்கும். கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி இருந்தாள். வியாழக்கிழமைகளில் அங்கே இருந்து பார்த்த ஆண்களைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. கூட்டித் துடைத்தவளைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக் கதவில் தட்டுக் கேட்டது. கணவர் திறந்தார். முப்பத்தைந்து வயதளவில் ஒருவர் நின்றார். உள்ளே வரச் சொல்வதற்கு முன்னமே செருப்பைக் கழற்றி, ஒதுக்கி வைத்துவிட்டு நின்றார். மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு.

"அண்ணன், அந்த எழுத்து என்ட எழுத்துத்தான்."

கணவரின் கை கதவிலேயே இருந்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் எழும்பினேன். அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டார்.

வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பாமல் கணவருக்கே சொன்னார். அவர் ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்கிறார். வியாழன் பின்னேரம் கிளப்புக்குப் போவார். அவரோடு அறையில் கூட இருப்பவருக்கு நகருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் பழத்தோட்டத்தில் வேலை. அங்கே ஆண்களுக்குள் கைமாறுகிற படங்களை அந்த அறைக்காரர் சிரித்துக்கொண்டு இவருக்குக் காட்டியிருக்கிறார். பயிற்சிக்கு வந்த ஆடுபவர்கள் மண்டபத்தில் உடுப்பு மாற்றுகிற படங்கள், மேசைகளில் இருக்கிற ஆண்களின் படங்கள். அதற்குள் ஒரு துண்டு, வெள்ளை வெளிச்சத்தில், வாளியோடு ஒரு பெண்.

"மண்டபத்தைக் கண்டதும் இடம் தெரிஞ்சிட்டு. எந்தப் பக்கமிருந்து எடுத்தது எண்டும் தெரிஞ்சிட்டு. அக்காவைக் கோயில்ல கண்டிருக்கன். அந்த விதித்தாள எழுதினதும் அக்காதான் எண்டு நினைச்சன். வேற ஆரு எழுதுவா?"

"நேர வந்து சொல்லியிருக்கலாம்தானே?" என்றார் கணவர்.

"எப்பிடிச் சொல்ற அண்ணன்? நான் அத எங்க பாத்த எண்டு கேப்பாங்க. நான் அங்க போற ஆள் எண்டும் சொல்லணும். அக்காட முகத்தப் பாத்து, உங்கட படம் பாத்த எண்டு சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு." அவருடைய குரல் இறங்கிவிட்டது. "முதல்ல பொதுவா எழுதின. அக்காக்கு விளங்கல்ல எண்டு நினைச்சன். பிறகுதான் வெளிப்படையா எழுதின. எழுதக்குள்ள வாசல்ல நிண்டவன் என்ன எழுதுற எண்டு கேட்டான். விதியப் படிச்சுக் கொப்பி பண்றன் எண்டன்."

"முழுக்கப் பாத்தீங்களோ?" என்று நான் கேட்டேன். அதுதான் நான் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி.

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "இல்லக்கா. நீங்க எண்டு தெரிஞ்சதும் போனைக் கவிட்டு வச்சிட்டன்."

நம்பினேனா என்று கேட்டால், நம்ப முடிவெடுத்தேன் என்றுதான் சொல்வேன். அவருடைய பெர்மெசோவும் அப்போது புதுப்பிப்பில் இருந்தது. பொலிசுக்கு முன்னால் போகவே பயம். ஆனாலும் சாட்சி சொல்லப் போனார். கணவர்தான் கூட்டிக்கொண்டு போனார். பஸ்சில் இருவரும் தள்ளித் தள்ளி இருந்தார்களாம். ஆனால் உள்ளே போகும்போது அவருடைய பையைக் கணவர் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

வழக்கு இன்னும் நடக்கிறது. கிளப்பைத் திரும்பத் திறக்க விட்டார்கள், கண்ணாடி இருந்த இடத்தைக் கல்லால் கட்டி மெழுகியிருக்கிறார்களாம். சிஞ்ஞோரா என் ஒப்பந்தத்தை முடிக்கவில்லை. நான் ஒரு பல் வைத்தியரின் இடத்தில் வேலை எடுக்கும்வரை அப்படியே வைத்திருந்தார், அதனால் இழுபட்டுக்கொண்டிருந்த பெர்மெசோ கடைசியில் கிடைத்தது. கொலம்பியாக்காரி மகளோடு துரினுக்குப் போய்விட்டாள்.

அடையாளம் காட்டுவதற்காக ஒருதரம் நான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பெண் அதிகாரி பக்கத்தில் இருந்தார். எந்த இடத்திலும் நிறுத்தச் சொல்லலாம் என்றார். திரையில் வெள்ளை வெளிச்சம், சிவப்புக் கதிரைகள், நான். மேற்சட்டையை மடித்துக் கதிரையில் வைக்கிறேன். வாளியை எடுக்கக் குனிகிறேன். பிறகு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப்போல, சட்டென்று நிமிர்கிறேன். நேராகப் பார்க்கிறேன், எடுத்துக்கொண்டிருந்தவனின் கண்ணுக்குள். இமைக்கவில்லை. திரையின் ஓரத்தில் ஓடிய நேர இலக்கத்தின்படி நாற்பத்தொரு செக்கன்.

"உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருந்ததோ?" என்று அதிகாரி கேட்டார்.

இல்லை என்றேன். அப்படிப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்தக் காலைநேரம் நினைவுக்கு வரவில்லை. திரையில் நின்றவள் என்ன கண்டாள், கண்டபிறகும் ஏன் குனிந்து வாளியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. எழுதி முடித்த வாக்குமூலத்தில் அது நான்தான் என்று கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது படிக்கட்டில் கணவர் காத்து நின்றார். இருவரும் வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தோம்.